மாரிபின் அணையும் மக்காவுக்கு வந்த யானையும்



மதரஸாவில் ஓதப் போகும் பிள்ளைகள் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்துவிடும் சின்ன அத்தியாயம் ஒன்று குர்ஆனில் இருக்கிறது. 105ஆவது அத்தியாயம். பெயர் ‘யானை’. மொத்தம் ஐந்தே வசனங்கள். யானையோடு வந்த ஒரு கூட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டுத் தொடங்குகிறது. பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து கல்லெறிந்ததைச் சொல்கிறது. வந்தவர்கள் தின்று தீர்த்த வைக்கோல்போல் ஆனதைச் சொல்லி முடித்துவிடுகிறது.

வந்தவன் யார்? பெயர் இல்லை. எந்த ஊரிலிருந்து வந்தான்? அதுவும் இல்லை. ஆண்டும் இல்லை. ஆனால் ஒரு முஸ்லிம் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை முழுசாக வரும். ஏமனை ஆண்ட ஆப்ரஹா என்ற கிறித்தவ மன்னன் சன்ஆ நகரத்தில் பெரிய தேவாலயம் கட்டினான். அரபிகள் கஅபாவை விட்டுவிட்டு அங்கே யாத்திரை வர வேண்டும் என்று நினைத்தான். அது நடக்காததால் கஅபாவை இடிக்க யானையோடு மக்காவுக்குப் புறப்பட்டான். அந்த ஆண்டில்தான் நபிகள் நாயகம் பிறந்தார்கள், அதாவது கி.பி. 570 வாக்கில். இவ்வளவு விவரமும் குர்ஆனுக்குப் பின்னால் வந்த நபி வரலாற்று நூல்களிலிருந்தும் தப்ஸீர் என்னும் விரிவுரைகளிலிருந்தும் கிடைத்தது.

வேதம் சொல்வது ஒன்று, மரபு சொல்வது ஒன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இன்று நான் பேசப்போகும் விஷயம் புரியும். ஏனென்றால் இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. கல்வெட்டு.

ஏமனில், சன்ஆவுக்குக் கிழக்கே, பாலைவனத்தின் விளிம்பில், மாரிப் என்ற ஊர். சபா அரசின் தலைநகராக இருந்த இடம். சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் ஏற்றிய ஒட்டகங்கள் இந்த வழியாகத்தான் மத்தியதரைக் கடலை நோக்கி வடக்கே போயின. கி.மு. எட்டாம் நூற்றாண்டிலேயே சபா மக்களின் பெயர் வெளியே தெரிந்திருக்கிறது. அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோன் தனக்குத் திறை அனுப்பியவர்கள் என்று எழுதிவைத்த பட்டியலில் சபா நாட்டு மன்னன் ஒருவனும் இருக்கிறான். மழை அரிதான அந்த மண்ணில் ஒரு தலைநகரம் எப்படிப் பிழைத்தது என்றால், பதில் அணைதான். மலையில் பருவமழை பெய்ததும் காட்டாறாகப் பாய்ந்து வரும் வெள்ளத்தை இரண்டு குன்றுகளுக்கு நடுவே, ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்கு, மண்கரை போட்டு மறித்தார்கள். ஆண்டு முழுக்கத் தேக்கி வைப்பது நோக்கமல்ல. நீர்மட்டத்தை உயர்த்தி, வடக்கே ஒரு மதகு, தெற்கே ஒரு மதகு என இரண்டு பக்கமும் திருப்பிவிடுவதுதான் வேலை. வாதி எனப்படும் அந்தக் காட்டாற்றின் இரண்டு கரைகளிலும் ஏறத்தாழ 9,600 ஹெக்டேர் நிலம் இப்படிப் பாசனம் பெற்றது. செதுக்கிய கற்களை அடுக்கிக் கட்டிய அந்த மதகுகளின் சுவர்களை இன்றைக்கும் பார்க்கலாம்.

குர்ஆனின் 34ஆவது அத்தியாயத்தின் பெயரே சபா. வலப்புறமும் இடப்புறமும் இரண்டு தோட்டங்களோடு செழித்திருந்த மக்கள் நன்றி மறந்ததையும், அணை உடைத்து வந்த வெள்ளம் அவர்களை அழித்ததையும், தோட்டம் இருந்த இடத்தில் கசப்புக் கனிகளும் கொஞ்சம் இலந்தையும் மிஞ்சியதையும், அந்த மக்கள் சிதறிப்போனதையும் அது சொல்கிறது. வாதியின் இருபுறமும் பசுமை இருந்த மாரிபின் நில அமைப்பை அறிந்தவர்களுக்கு இந்த ‘வலமும் இடமும்’ வெறும் அலங்காரமாகத் தோன்றாது. அந்த வெள்ளத்துக்குக் குர்ஆன் கொடுக்கும் பெயரில் உள்ள ‘அரிம்’ என்பதும் சபா நாட்டுக் கல்வெட்டுகளில் அணையைக் குறிக்கும் சொல்தான்.

இப்போது கல்வெட்டுக்கு வருவோம். 1888இல் எடுவார்ட் கிளாசர் என்ற ஆஸ்திரிய அறிஞர், முஸ்லிம் மார்க்க அறிஞராக வேடமிட்டு மாரிபுக்குப் போய் ஏராளமான கல்வெட்டுகளைப் படியெடுத்து வந்தார். அவற்றில் ஒன்று, நான்கு பக்கமும் எழுத்து நிறைந்த நெடிய கல்தூண், 136 வரிகள். எழுதச் சொன்னவன் வேறு யாருமல்ல, ஆப்ரஹாதான்! ஏமனில் வழங்கிய ஹிம்யர் அரசின் ஆண்டுக் கணக்கில் 658ஆம் ஆண்டு. அந்தக் கணக்கிலிருந்து 110ஐக் கழித்தால் கிட்டத்தட்ட நம் கி.பி. வரும். ஆக 548.

கல் சொல்லும் கதை இது. குறுநிலத் தலைவன் ஒருவன் கலகம் செய்தான், அடக்கப் படை போயிற்று. அப்போது அணை உடைந்தது என்று செய்தி வந்தது. கொள்ளைநோயும் பரவியது. நோய் தணியும்வரை வேலையை நிறுத்திவிட்டுப் பிறகு குடிகளைக் கூட்டி அணையைச் செப்பனிட்டார்கள். வேலைக்குச் செலவான மாவு எவ்வளவு, பேரீச்சம்பழம் எவ்வளவு, அறுத்த ஆடுமாடுகள் எத்தனை என்று கணக்குப்பிள்ளை எழுதியதைப்போல் வரிசையாக வருகிறது. நடுவே எத்தியோப்பிய மன்னன், ரோமப் பேரரசன், பாரசீக மன்னன் ஆகியோரின் தூதர்கள் வந்து நின்ற பெருமையும் உண்டு. தொடக்கத்தில் இறைவாழ்த்து. அதில் இறைவனுக்கு உள்ள பெயர் ரஹ்மானான். அருளாளன் என்ற பொருளில் யூதர்களும் கிறித்தவர்களும் அந்த நாட்டில் வழங்கிய பெயர். குர்ஆனில் 55ஆவது அத்தியாயம் அர்-ரஹ்மான் என்று தொடங்குவதை நேயர்களில் பலர் அறிவீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இதே அணை பலமுறை உடைந்திருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டிலேயே பெரிய உடைப்பும் பெரிய செப்பனிடலும் நடந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஒவ்வொரு வெள்ளமும் வண்டலைக் கொண்டுவந்து கொட்ட, வயல்மட்டம் உயர்ந்துகொண்டே போயிற்று. அதற்கேற்ப அணையையும் உயர்த்த வேண்டியிருந்தது. அரசு வலுவாக இருந்தவரை அது முடிந்தது. ஆறாம் நூற்றாண்டில் உள்நாட்டுக் கலகமும் அந்நியப் படையெடுப்பும் மாறிமாறி வந்தன. கடைசியாக உடைந்தபோது கட்ட ஆளில்லை. அந்தக் கடைசி உடைப்பை வரலாற்றாசிரியர்கள் 570களில் வைக்கிறார்கள்.

இதில் எந்த வெள்ளம் குர்ஆன் சொல்லும் வெள்ளம்? குர்ஆன் ஆண்டு சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. மாரிபின் பாழடைந்த தோட்டங்களைப் பற்றி வணிகத்துக்குப் போய்வந்த மக்காவாசிகள் அறிவார்கள். தெரிந்த கதையை எடுத்து, அதிலிருந்து நன்றியைப் பற்றிப் பேசுகிறது வேதம்.

மரபு அப்படி விட்டுவிடவில்லை. எலி ஒன்று அணையைக் குடைந்ததாகவும், குறிசொல்லும் பெண்ணொருத்தி முன்கூட்டியே எச்சரித்ததாகவும், அதைக் கேட்ட தலைவன் தந்திரமாகச் சொத்தை விற்றுவிட்டு வடக்கே கிளம்பியதாகவும் சுவையான கதைகள் வளர்ந்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எலி குர்ஆனில் இல்லை. அந்த உடைப்பினால்தான் கஸ்ஸான் என்ற அரபுக் குலத்தார் சிரியா போனார்கள் என்று சொல்வார்கள். கஸ்ஸான் குலத்தார் பெயரோ கடைசி உடைப்புக்கு நூற்றாண்டுகள் முந்தியே கல்வெட்டுகளில் வந்துவிட்டது. இங்கே இடறுவது வேதமல்ல, விரிவுரை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டு, விரிவுரையில் உள்ள பிழையைக் காட்டி வேதம் பொய் என்பவர்களும் உண்டு. விரிவுரையைத் தொட்டாலே வேதத்தைத் தொட்டதாகக் கோபப்படுபவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

மீண்டும் யானைக்கு வருவோம். 1951இல் பெல்ஜியத்து ரிக்மன்ஸ் குடும்பத்து அறிஞர்களும் ஃபில்பி என்ற ஆங்கிலேயரும் சவூதி அரேபியாவின் தென்மேற்கே பயணம் செய்தார்கள். நஜ்ரானுக்கு வடக்கே முரைகான் என்ற கிணற்றடியில் ஒரு பாறையில் ஆப்ரஹாவின் இன்னொரு கல்வெட்டு கிடைத்தது. ஹிம்யர் ஆண்டு 662, அதாவது 552. மத்திய அரேபியாவில் மஅத் என்ற குலக் கூட்டத்தின் மீது படையெடுத்து வென்றதையும், பிணைக்கைதிகள் பெற்றதையும் அது கூறுகிறது. செய்தி பரவியதும், இதோ யானைப்படையெடுப்பின் ஆதாரம் என்றார்கள் சிலர். கல்லிலோ யானையும் இல்லை, மக்காவும் இல்லை. உடனே மறுதரப்பு, அப்படியானால் யானைக் கதையே கற்பனை என்றது.

இரண்டும் அவசரம். தோற்ற போரைக் கல்லில் வெட்டிய அரசன் எவன்? வென்றதைச் சொல்லத்தான் அவன் கல்வெட்டே வைக்கிறான். மக்காவில் படை அழிந்திருந்தால் அந்தச் செய்தியை ஆப்ரஹாவின் பாறையில் தேடுவதில் பொருளில்லை. அதே சமயம் 552ஆம் ஆண்டுக் கல்லை வைத்துக்கொண்டு, இதுதான் அந்தப் படையெடுப்பு என்று சாதிப்பதிலும் பொருளில்லை. பின்னால் அதே இடத்தில் கிடைத்த மற்றொரு கல்வெட்டு 2012இல் வெளியிடப்பட்டது. அதில் ஆப்ரஹாவின் ஆளுகைக்கு உட்பட்ட இடங்களில் யத்ரிப் பெயர் வருகிறது, பின்னாளில் மதீனாவான அதே ஊர். அவன் கை எவ்வளவு தூரம் வடக்கே நீண்டது என்பதற்கு இது நல்ல சான்று. மக்கா பக்கம் அப்படிப்பட்டவன் படை திரும்பியிருக்கலாம் என்பது இதனால் இயல்பாகிறது. அதற்கு மேல் கல் பேசவில்லை.

570 என்ற ஆண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்ரஹாவின் ஆட்சி 570 வரை நீண்டதா என்று பல வரலாற்றாசிரியர்கள் ஐயப்படுகிறார்கள். நபிகள் நாயகம் யானை ஆண்டில் அல்ல, அதற்குச் சில ஆண்டுகள், சில பத்தாண்டுகள் கழித்துப் பிறந்தார்கள் என்று சொல்லும் அறிவிப்புகள் பழைய முஸ்லிம் நூல்களிலேயே பதிவாகியிருக்கின்றன. தபரி போன்ற பெரிய தொகுப்பாளர்கள் ஒன்றுக்கொன்று முரணான செய்திகளையும் மறைக்காமல் அடுத்தடுத்து வைத்தவர்கள். நாம்தான் அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டோம்.

நஜ்ரானில் கதை வேறு மாதிரி. குர்ஆனின் 85ஆவது அத்தியாயத்தில், நெருப்பு மூட்டிய அகழியின் ஓரத்தில் உட்கார்ந்து, இறைவனை நம்பிய ஒரே காரணத்துக்காக மக்கள் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சபிக்கப்படுகிறார்கள். ஊர் பெயர் இல்லை. விரிவுரையாளர்களில் பலர், ஹிம்யரின் யூத மன்னன் யூசுஃப் நஜ்ரான் கிறித்தவர்களைக் கொன்ற நிகழ்ச்சி இது என்றார்கள். அரபு மரபில் இவனுக்கு தூ நுவாஸ் என்று பெயர். நஜ்ரானுக்கு வடக்கே ஹிமா என்ற இடத்துப் பாறைகளில் அவனுடைய படைத்தலைவனே வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஹிம்யர் ஆண்டு 633, அதாவது 523. ஒன்றில், அந்தப் போர்களில் கொல்லப்பட்டவர்கள் 12,500, சிறைப்பட்டவர்கள் 11,000, பிடித்த ஒட்டகம், மாடு, ஆடுகள் 2,90,000 என்று எழுதியிருக்கிறான். கொன்றவன் தரப்பு வெற்றிக் கணக்கு இது. செத்தவர்கள் தரப்புச் சாட்சி சிரியாக் மொழிக் கிறித்தவக் கடிதங்களில் இருக்கிறது. வேதம் மூன்றாவது இடத்தில் நிற்கிறது. கொன்றவன் எந்த மதம், இறந்தவர் எந்த மதம் என்று பெயரிடாமல், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் மீது பேச்சைத் திருப்புகிறது. என்னைக் கேட்டால், இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதில் கிடைக்கும் தெளிவு, எது எதை நிரூபித்தது என்று சண்டை போடுவதில் கிடைக்காது.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது ஐரோப்பியர் வந்து கற்றுத்தந்த வழக்கம் என்று யாராவது நினைத்தால், அது சரியில்லை. பத்தாம் நூற்றாண்டில் ஹம்தானி என்ற ஏமன் அறிஞர் தம் நாட்டுப் பழங்கோட்டைகளையும் இடிபாடுகளையும் பற்றியே ஒரு தனிப் பகுதி எழுதினார், பழைய கல்வெட்டு எழுத்துகளையும் அறிந்தவர் அவர். 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் இன்னும் கறாரானவர். தூண்களுடைய இரம் என்று குர்ஆன் குறிப்பிடுவதை வைத்து, பொன்னாலும் வெள்ளியாலும் கட்டிய மாயநகரம் ஒன்று ஏடன் பக்கத்துப் பாலைவனத்தில் இருப்பதாக விரிவுரையாளர்கள் எழுதியதை அவர் ஏற்கவில்லை. வழிப்போக்கர்கள் எத்தனையோ பேர் கடந்து போகும் நிலத்தில் அப்படியொரு நகரத்தை ஒருவரும் பார்க்கவில்லையே என்று வாதாடினார். குர்ஆனை நம்பியவர்தான் அவர், கதையை நம்பவில்லை. 1992இல் ஓமானில் ஷிஸ்ர் என்ற இடத்தில் ஒரு கோட்டை இடிபாடு வெளிப்பட்டதும் இரம் கிடைத்துவிட்டது என்று உலகப் பத்திரிகைகள் முழங்கின. அது இரம்தான் என்பதற்குச் சான்று இதுவரை இல்லை. அந்தப் பத்திரிகையாளர்கள் இப்னு கல்தூனைப் படித்திருக்கலாம்.

சபாவின் அரசியைப் பற்றிக் கேட்பீர்கள். நபி சுலைமானும், கொண்டலாத்திப் பறவை கொண்டுவந்த செய்தியும் 27ஆவது அத்தியாயத்தில் வருகின்றன. பில்கீஸ் என்ற பெயர் மரபு தந்தது. சபா மன்னர்களின் கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தும் அவளைக் குறிக்கும் ஒரு வரிகூட அகப்படவில்லை. மாரிபில் அவள் பெயரால் மக்கள் அழைக்கும் கோயில்கள் அல்மகா என்ற தெய்வத்துக்குக் கட்டியவை. அவளைப் பற்றி அகழ்வாராய்ச்சி சொல்லக்கூடியது இப்போதைக்கு அவ்வளவுதான்.

இனிக் கிடைக்க வேண்டிய சான்றுகள் அந்த மண்ணுக்குள்தான் இருக்கின்றன. ஹிமாவின் பாறைக் கல்வெட்டுகள் 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன, அவை பாதுகாப்பாக இருக்கின்றன. மாரிபின் நிலை அப்படியில்லை. ஏமன் போரில், 2015 மே மாதக் கடைசியில், பழைய அணையின் மதகு ஒன்று விமானத் தாக்குதலில் சேதமடைந்தது. 2023 ஜனவரியில் சபாவின் இடிபாடுகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அன்றைக்கே அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் அவற்றைச் சேர்த்தது.