எத்தனை டிகிரி மடங்குது?



முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து மூன்றாவது வாரம். பயிற்சி மேசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம், "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "என்னத்தச் சொல்ல தம்பி, வலி அப்படியேதான் இருக்கு" என்றார். கோனியோமீட்டரை வைத்துப் பார்த்தேன். போன வாரம் 70 டிகிரி மடங்கிய கால், இன்று 85. குறிப்பேட்டைக் காட்டினேன். "பதினஞ்சு கூடியிருக்கா?" என்று கேட்டவர், நான் சொல்லாமலே இன்னொரு தரம் மடக்கிக் காட்டினார்.

வலிக்கு இன்றைய பொழுதுதான் தெரியும், போன வாரம் தெரியாது. போன வாரத்தை நினைவு வைத்துக்கொள்ளத்தான் பிசியோதெரபியில் அளக்கிறோம்.

கோனியோமீட்டர் என்பது இரண்டு கை முளைத்த பாகைமானி, அவ்வளவுதான். ஆனால் அதை வைப்பதில் ஒரு கைப்பக்குவம் உண்டு. முழங்காலின் வெளிப்பக்கத்து எலும்பு முண்டைத் தடவிக் கண்டுபிடித்து, கருவியின் நடுப்புள்ளியை அதில் பொருத்த வேண்டும். ஒரு கை தொடையோடு இடுப்புப் பக்க எலும்புப் புடைப்பை நோக்கிப் போகும். மற்றது கெண்டைக்காலோடு கணுக்காலின் வெளிமுண்டை நோக்கிப் போகும். இதில் கொஞ்சம் நகர்ந்தாலும் கணக்கு மாறும். தேர்ந்த கையிலேயே ஐந்து டிகிரி முன்பின் ஆகலாம். அதனால் மூன்று டிகிரி கூடியதற்குக் கொண்டாடவும் வேண்டாம், மூன்று குறைந்ததற்குக் கலங்கவும் வேண்டாம். ஒரே ஆள், ஒரே படுக்கை நிலையில் அளப்பது நல்லது. நோயாளி தானே மடக்கினாரா, நாம் பிடித்து மடக்கினோமா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இதை எழுதாத எண்ணை நான் நம்புவதில்லை.

தசை பலத்துக்குப் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நரம்புக் காயங்களைப் பரிசோதிக்க பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வகுத்த முறை இது. புவியீர்ப்பை எதிர்த்துக் காலைத் தூக்கினால் மூன்று. நாம் கொடுக்கும் அழுத்தத்தையும் ஓரளவு தாங்கினால் நான்கு. அந்த நான்கில்தான் சிக்கல். லேசாகத் தாங்குபவரும் நான்கு, ஏறக்குறைய முழு பலம் வந்தவரும் நான்கு. மாதக்கணக்கில் முன்னேறியவர் குறிப்பேட்டில் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பார்.

எனக்கு மிகவும் பிடித்த அளவைக்கு ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும். 1991இல் கனடாவின் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர் வெளியிட்ட சோதனை அது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். எத்தனை நொடி? முதியவர் ஒருவருக்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், விழும் அபாயம் உண்டென்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கிறது. எழும்போது கைப்பிடியை அழுத்துகிறாரா, திரும்பும்போது தடுமாறுகிறாரா என்பதையும் அந்தச் சில நொடிகளுக்குள் கண் பார்த்துவிடும். டிகிரி மூட்டைப் பற்றிச் சொல்கிறது. இது ஆளைப் பற்றிச் சொல்கிறது.

ஆக, அளப்பது தேவைதான். ஆனால் எதற்காக அளக்கிறோம் என்பது நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும். நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழவும் படி இறங்கவும் ஏறக்குறைய 90 முதல் 100 டிகிரி மடங்கினால் போதும். அந்த அம்மாவுக்கு வேண்டியது டவுன் பஸ்ஸின் முதல் படி. அதற்கு டிகிரி மட்டும் போதாது. தொடை பலமும் ஒற்றைக்காலில் நிற்கும் நிதானமும் வேண்டும். அதனால் அவருடைய குறிப்பேட்டில் இன்னொரு வரி சேர்த்தோம்: எத்தனை அங்குல உயரப் பலகையில் ஏறுகிறார் என்று.

நேயர்களே, சிகிச்சைக்குப் போகும் முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களால் எதைச் செய்ய முடியவில்லை என்பதை முதல் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். பிறகு வாராவாரம், "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அளந்து சொல்வது எங்கள் வேலை.