மாடியில் நான்கு பை காய்கறி
(மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மாடித்தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் பலர் முதல் நாளே இருபது பை வாங்கிவிடுகிறார்கள். பராமரிக்க முடியாமல் இரண்டே மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் நான்கு பையில் தொடங்குங்கள். தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடம் போதும்.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்துகொள்ளுங்கள். நார்க்கழிவை ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்தால் அதிலுள்ள உப்பு போய்விடும். பையின் மேல்பகுதியில் இரண்டு அங்குலம் காலியாக விடுங்கள்.

முதலில் கீரை போடுங்கள். முக்கால் அடி ஆழம் போதும். வெந்தயக்கீரையும் சிறுகீரையும் ஒரு மாதத்துக்குள் சமையலுக்கு வந்துவிடும். அந்த நம்பிக்கையில் கத்தரி, தக்காளி, மிளகாய் வையுங்கள். இவற்றுக்கு ஒரு அடி ஆழம் வேண்டும். ஒரு பைக்கு ஒரே நாற்று.

தண்ணீர் விஷயத்தில்தான் கவனம் தேவை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். பையின் அடியில் துளை இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரையும், ஒளு செய்யும் தண்ணீரையும் பிடித்து வைத்து ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

மாவுப்பூச்சி வந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பையைத் தளத்தில் நேராக வைத்தால் அடியில் ஈரம் தங்கும். தளத்தில் விரிசல் இருந்தால் கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகும். நம் வீட்டுக் காய்கறிக்காக அண்டை வீட்டார் சிரமப்படக் கூடாது. ஆகவே செங்கல் மேல் பையை வையுங்கள். வடியும் தண்ணீர் தேங்காமல் மழைநீர்க் குழாய்க்குப் போக வழி செய்யுங்கள். ஈர மண் கனமானது. எனவே பைகளை நடுத்தளத்தில் குவிக்காமல் சுவர் ஓரமாக வரிசையாக வையுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

நான்கு பையால் மாதக் காய்கறிச் செலவு முழுவதும் மிச்சமாகிவிடாது. ஆனால் மருந்து அடிக்காத கீரை வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளின் தட்டுக்கு வரும். மிஞ்சினால் ஒரு பிடி கீழ் வீட்டுக்கும் கொடுங்கள்.