செவியும் அறிவும்



காற்றின் அதிர்வு செவிப்பறையில் பட்டு, மூன்று சிற்றெலும்புகளின் வழியே நத்தைக்கூடு போன்ற உட்செவியை அடைகின்றது. அங்கே நுண்ணிழைகளையுடைய உயிரணுக்கள் அவ்வதிர்வை மின்துடிப்பாக்கி, நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. ஒரு செவியில் அவை ஏறத்தாழ 15,000 மட்டுமே. மனிதரிடத்தில் அவை அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை.

உயர்ந்த சுருதியை உணரும் அணுக்கள் உட்செவியின் வாயிலருகே உள்ளன. முதுமையில் முதலில் நலிவன அவையே. ஆதலின் உயிரொலிகள் கேட்கும். ‘ச’ போன்ற மெய்யொலிகள் மங்கும். ‘பசி’ என்பதும் ‘பதி’ என்பதும் ஒன்றுபோல் ஒலிக்கக்கூடும். பேசுவது கேட்கும், பொருள் விளங்காது. விடுபட்டதை மூளை, பேசுவோரின் இதழசைவையும் பேச்சின் போக்கையும் கொண்டு நிரப்ப முயல்கின்றது. இரைச்சல் மிகுந்தால் அம்முயற்சி தளர்கின்றது.

இல்லத்துப் பெரியோர் பேச்சினின்று ஒதுங்கினால், அதனை மனத்தாங்கல் என்று எண்ணற்க, செவி தளர்ந்திருக்கலாம். அவர்களிடம் கூவுதல் தெளிவு தராது. முகம் நோக்கி, நிறுத்திப் பேசுக. மருத்துவரிடம் செவியைச் சோதித்து, வேண்டுமாயின் கேட்புக்கருவி பெற்றுத் தருக. விழா நாளில் ஒலிபெருக்கியைத் தணித்து வைப்போம். முதியோர் சொற்பொழிவை உணர்வர், இளையோர் செவியும் காக்கப்படும்.