சீர்மிகு நகரம் யாருக்கு?

 

2015 ஜூன் மாதம் மத்திய அரசு ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் 100 நகரங்கள்; தமிழகத்தில் மட்டும் 11. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை, மாநிலத்தின் பங்கு அதே அளவு என்றார்கள். 2025 மார்ச் 31-ல் திட்டம் முடிந்துவிட்டது. இப்போது கணக்குக் கேட்க வேண்டியவர்கள் நாம்!

சென்னையைப் பாருங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. நடப்பவனுக்கு இடம் தந்தது நல்ல காரியம்தான்; மறுக்கவில்லை. ஆனால் 2021 நவம்பர் மழையில் அதே தியாகராய நகரின் தெருக்கள் வெள்ளத்தில் நின்றன. மேலே கல் பதித்தால் போதுமா? கீழே தண்ணீருக்கு வழி வேண்டாமா?

கேமராவும் கணினித் திரையும் நகரத்தை வாழவைக்காது. ஏரியும் வாய்க்காலும், நடந்துபோய்ச் சாமான் வாங்கும் கடைத்தெருவும்தான் வாழவைக்கும். வீட்டருகே தள்ளுவண்டிக்காரர் இருந்தால் பெட்ரோலும் மிச்சம், புகையும் குறைவு. அவரையே ‘இடைஞ்சல்’ என்று விரட்டிவிட்டு அழகுபடுத்துவது என்ன நியாயம்?

வியாபாரச் சகோதரர்களே! 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அந்த நாற்காலியில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கேட்டீர்களா?

இளைஞர்களே! மாநகராட்சியிடம் மனுக் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். உங்கள் பகுதியில் செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேளுங்கள். அது மக்களின் அமானிதம்!

நம் வாசலையும் பார்ப்போம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. நம் கடைக் குப்பை வாய்க்காலை அடைக்கலாமா? தமிழகத்தில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. உங்கள் பள்ளிவாசலில் அது வேலை செய்கிறதா? உளூச் செய்யும் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதா, தென்னை மரத்துக்குப் போகிறதா? அடுத்த ஜும்ஆவுக்குள் ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

நம் கடமையைச் செய்துவிட்டு உரிமையைக் கேட்போம். அப்போது எவரும் நம் வாயை அடைக்க முடியாது. அல்லாஹ் அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.