சுவரை வாசிக்கும் ஒளி

இணைவு உலையின் எரிபொருள் ஐதரசனின் இரு சமதானிகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் ஆகும். 10 கோடி பாகை செல்சியஸுக்கு மேல் சூடான பிளாஸ்மாவாக, டோகாமாக் எனும் உளுந்து வடை வடிவிலான வெற்றிடக் கலத்துக்குள் காந்தப்புலத்தால் கட்டுண்டு அவை சுழல்கின்றன. அதற்குள் எந்த வெப்பமானியையும் வைக்க முடியாது. ஒளியைச் செலுத்தலாம், வெளிவரும் ஒளியைப் பகுத்துப் படிக்கலாம். லேசர் நிறமாலையியல் இத்துறையின் கண்ணாக அமைந்தது அதனால்தான்.

பிளாஸ்மாவை ஒளியால் படிக்கும் மரபு நமது இலங்கை மண்ணுக்கு அருகிலேயே வளர்ந்தது. 1909இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜோன் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலைக் கோடுகளின் நுண்ணிய நகர்விலிருந்து கண்டறிந்தார். அணுக்கள் எந்த வெப்பநிலையில் எவ்வளவு அயனாகும் என்பதை 1920இல் மேக்நாத் சாகா சமன்பாடாக்கினார். 1969இல் லேசர் தன் பங்கைச் செய்தது. மொஸ்கோவின் டி-3 டோகாமாக் ஒரு கோடி பாகையை எட்டியதாகச் சோவியத் அறிஞர்கள் சொன்னதை மேற்குலகம் நம்பவில்லை. பனிப்போர் நடுவே பிரித்தானியாவின் கல்ஹம் ஆய்வகக் குழு தன் ரூபி லேசருடன் அங்கு சென்றது. இலத்திரன்களில் பட்டுச் சிதறிய ஒளி எவ்வளவு அகன்றிருந்தது என்று அளந்து, சொன்னது உண்மையே என உறுதி செய்தது. அதன்பின் உலகமே டோகாமாக்கின் பக்கம் திரும்பியது. ஒரு நேர்மையான அளவீட்டுக்கு அவ்வளவு வலிமை உண்டு.

இன்று கடினமான கேள்வி பிளாஸ்மாவை விடச் சுவரைப் பற்றியது. பிரான்சில் எழும் ஐட்டர் உலையின் உட்சுவருக்கு 3,422 பாகையில் உருகும் டங்ஸ்டன் தெரிவாகியுள்ளது. அந்தச் சுவரும் எரிபொருளை உறிஞ்சிக்கொள்ளும். டிரிட்டியம் கதிரியக்கமுள்ளது, அதன் அரைவாழ்வு 12.3 ஆண்டு. ஐட்டரின் கலத்துக்குள் 700 கிராமுக்கு மேல் அது தங்கக்கூடாது என்பது வரம்பு. சுவரைக் கழற்றாமல், உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அறிவது எப்படி?

நானோசெக்கன் அளவு நீளமுள்ள ஒரு லேசர்த் துடிப்பைச் சுவரில் ஒரு புள்ளியில் குவித்தால், மிகச் சிறிதளவு பொருள் ஆவியாகிப் பளிச்சென்று பிளாஸ்மாவாகும். முதற்கணத்தில் எல்லா நிறமும் கலந்த வெள்ளொளிதான் வரும். அதில் படிக்க எதுவுமில்லை. உணர்கருவி சற்றுப் பொறுத்து, ஏறத்தாழ ஒரு மைக்ரோசெக்கன் கழித்துத் திறக்க வேண்டும். அப்போதுதான் தனிமங்கள் தத்தமது கோடுகளைக் காட்டும். சாதாரண ஐதரசனின் சிவப்புக் கோடு 656.28 நானோமீற்றரில், டியூட்டீரியத்தினது 656.10இல். இடைவெளி 0.18 மட்டுமே. வளியமுக்கத்தில் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். அமுக்கத்தைக் குறைத்தால் பிரியும். 2023 டிசம்பரில் தன் கடைசிப் பிளாஸ்மாவை முடித்த பிரித்தானியாவின் ஜெட் டோகாமாக்கில், ரோபோக் கையில் பொருத்திய லேசர்க் கருவி பின்னர் கலத்துக்குள் சென்று சுவரை இவ்விதமே சோதித்தது.

இத்துறையில் கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் செய்வது பெரும்பாலும் இந்த வேலைதான். ஓரிரு ஆண்டு ஒப்பந்தம், ஒரே ஒரு கேள்வி. ஒளியியல் மேசையில் ஆடிகளை நேர்செய்வதும், வெற்றிடக் கசிவைத் தேடுவதும், அளவு தெரிந்த மாதிரிகளைக் கொண்டு கருவியைச் சீர்செய்வதும் நாளை நிரப்பும். ஆய்வேட்டை முடித்தவர் தன் அளவீட்டைத் தானே சந்தேகிக்கப் பழகுவது இந்தக் காலத்தில்தான்; வாழ்நாள் முழுதும் துணைவரும் திறமை அது. 1989இல் ஆதித்யா டோகாமாக்கை இயக்கத் தொடங்கிய காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனமும், ஜெர்மனியின் யூலிச் ஆய்வு மையமும் இத்தகைய பணி நடக்கும் இடங்கள்.

இன்று பட்டம் பெறுவோரில் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் லயங்களில் வளர்ந்தவர்களுக்கு லேசரால் சுவரை வாசிக்கும் இதே நுட்பம் இன்னொரு வாசலையும் திறக்கிறது. தேயிலைச் செடி அமில மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். கொழுந்தை விட முற்றிய இலையில் அது பல மடங்கு கூடுதல். கவ்வாத்தில் வெட்டி விழும் இலை மட்கும்போது அது மண்ணுக்கே திரும்புகிறது. உலர்த்திப் பொடித்து வில்லையாக அழுத்திய இலையின்மேல் லேசரைக் குவித்தால் 396.15 நானோமீற்றரில் அலுமினியத்தின் கோடு தெரியும். ஆனால் உலோகத்துக்கென வரைந்த அளவுகோல் இலைக்குச் செல்லாது. ஒரே அளவு அலுமினியம், தான் கலந்திருக்கும் பொருளைப் பொறுத்து வேறுவேறு பிரகாசம் காட்டும். ஆகவே முற்றிய இலைக்கொன்று, கொழுந்துக்கொன்று, மலைநாட்டு மண்ணுக்கொன்று என, முதலில் இரசாயன முறையில் அளவு உறுதிசெய்த மாதிரிகளைத் திரட்டித் தனித்தனி அளவுகோல் வரைய வேண்டும். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் இருக்கிறது; பேராதனைப் பல்கலைக்கழகமும் தொலைவில் இல்லை. டங்ஸ்டன் சுவரில் பயின்ற ஒருவர் அந்த வேலையை இங்கேயே தொடங்கலாம்.