தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று
(பொழிவின் சுருக்கம்)

 

வெள்ளியங்கிரியில் தோன்றிக் காவிரியில் கலப்பது நொய்யல். அதன் குறுக்கே பாசனத்திற்கெனக் கட்டி 1992-இல் திறக்கப்பெற்ற ஓரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. நீர்வேண்டி நின்ற உழவரே, அணைநீரைத் திறக்கவேண்டா என்று முறையிடும் நிலை வந்தது.

இதற்குச் சாயத்தை மட்டும் பழித்தல் போதாது. பருத்தியில் சாயம் ஏறுதற்பொருட்டுத் தொட்டியில் மிகுதியாக உப்பிடுவர். சாயம் பெரும்பாலும் துணியிற் பற்றும். உப்போ முழுதும் நீரிலேயே நிற்கும். சுண்ணாம்பும் இரும்புப்பும் இட்டால் நிறம் வண்டலாய்ப் படியும், நீர் தெளியும். ஆனால், கரைந்த உப்பு அகலாது. கண்ணை ஏமாற்றும் அத்தெளிநீரே கிணற்றை உவராக்கியது, கழனியைக் களராக்கியது.

உப்பை நீக்க வழியுண்டு. நுண்டுளைச் சவ்வினூடே கழிவுநீரை மிகு அழுத்தத்தால் உந்தினால் நன்னீர் பிரியும். எஞ்சும் உவர்நீரை ஆவியாக்கி உப்பை மீட்கலாம். நீரும் உப்பும் மீண்டும் தொட்டிக்கே பயன்படும்.

கழிவுநீர் ஒருசொட்டும் வெளியேறலாகாது என 2006-இல் சென்னை உயர்முறைமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாமையால், 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இம்முறை வேரூன்றியது அதன் பின்னரே.

செலவு மிகும் என்பர். மெய்தான்! அச்செலவை அதுகாறும் உழவனின் கிணறன்றோ இறுத்தது? ஆகலின், நிறம் போயிற்று என்பார் சொல்கேட்டு அமையற்க. உப்பு எங்கே என்று கேண்மின்!