அரசியின் திறவுகோலும் மக்களின் வழியும்
(விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



2013ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரிலே அரசி பேயாட்ரிக்ஸ் பொன்னிறத் திறவுகோல் ஒன்றைத் திருப்பினார். உடனே, பட்டப்பகலிலேயே, அந்நாட்டு அரசகுலத்தின் நிறமாகிய ஆரஞ்சு வண்ணத்தில் வாணங்கள் வானில் எழுந்தன. பத்தாண்டுக் காலம் அடைபட்டிருந்த ரைக்ஸ்மியூசியம் என்னும் தேசிய அருங்காட்சியகம் அன்று மீண்டும் திறந்தது. நள்ளிரவு வரை எவரும் கட்டணமின்றி உள்ளே செல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். அரசி முன்னே செல்ல, மக்கள் பின்னே திரண்டு சென்றார்கள்.

அந்தக் காட்சியின் அருமை விளங்க வேண்டுமானால், அதே கட்டடத்தின் முதல் திறப்புவிழாவை நினைவுகூர வேண்டும். அது நிகழ்ந்தது 1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில். கட்டடத்தை வகுத்தவர் பியேர் கைப்பெர்ஸ் என்னும் சிற்பநூல் வல்லுநர். அவர் கத்தோலிக்க சமயத்தவர். தேவாலயங்கள் பலவற்றைக் கட்டிப் புகழ் பெற்றவர். நாடோ பெரும்பாலும் பிராட்டஸ்டண்ட் மரபில் வந்தது. உயர்ந்த கோபுரங்களும், வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும், ஓவியம் நிறைந்த சுவர்களும் கொண்ட அக்கட்டடத்தைக் கண்ட பலர், 'இது அருங்காட்சியகமா, ஆயரின் மாளிகையா?' என்று எள்ளினார்கள். அப்போதைய மன்னர் மூன்றாம் வில்லியம், 'அந்த மடத்திற்குள் கால் வைக்கமாட்டேன்' என்று மறுத்துவிட்டதாகக் கூறுவர். ஓர் அரசர் நுழைய மறுத்த வாயிலை, 128 ஆண்டுகள் கழித்து அவர் வழிவந்த அரசி தம் கையாலேயே திறந்துவைத்தார். கட்டியவர் மீதிருந்த ஐயத்தைக் காலம் கரைத்துவிட்டது.

ஆயினும், காலம் அக்கட்டடத்துக்கு நன்மை மட்டும் செய்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அங்கே அரும்பொருள்கள் பெருகின, இடம் போதவில்லை. ஒளியும் காற்றும் புகுவதற்காகக் கைப்பெர்ஸ் விட்டுவைத்த இரண்டு பெரிய உள்முற்றங்களையும் காட்சிக்கூடங்களாக அடைத்துவிட்டார்கள். வெண்சுவரே நாகரிகம் என்ற எண்ணம் பரவியபோது, சுவரோவியங்களின் மீதும் பூவேலைகளின் மீதும் வெள்ளை பூசினார்கள். அவற்றைச் செய்தவர்கள் எவரும் பகைவர் அல்லர். அவரவர் காலத் தேவைக்காக, நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். பழங்கட்டடங்களுக்கு நேரும் கேடு பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. இடிப்பவரை ஊர் தடுத்து நிறுத்தும். 'வசதிக்காக' ஒரு சுவர் எழுப்புபவரை யாரும் தடுப்பதில்லை. இறுதியில், உள்ளே வந்தவர்கள் எத்திசையில் செல்வது என்று அறியாமல் திகைக்கும் நிலை வந்தது.

2003ஆம் ஆண்டின் இறுதியில் முதன்மைக் கட்டடம் மூடப்பட்டது. புதுப்பிக்கும் பொறுப்பு ஸ்பெயின் நாட்டின் செவில் நகரைச் சேர்ந்த குரூஸ், ஓர்ட்டிஸ் என்னும் இருவரிடம் அளிக்கப்பட்டது. 'கைப்பெர்ஸோடு தொடர்ந்து செல்வோம்' என்பதே பணிக்கு வழிகாட்டிய முழக்கம். வேறு நாட்டிலிருந்து வந்த அவ்விருவரும், தம் பெயர் விளங்கத் தக்க புதிய கோபுரம் ஒன்றை எழுப்ப முனையவில்லை. முற்றங்களை அடைத்திருந்தவற்றை அகற்றி, மீண்டும் வானொளி இறங்கச் செய்தார்கள். முற்றங்கள் இரண்டையும் நிலத்தின் கீழே ஒன்றாக இணைத்தார்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும் அந்நகரில் அவ்வாறு தோண்டுவது எளிய செயலன்று. வெள்ளைப் பூச்சில் மறைந்துபோன அணிவேலைகள் முன்மண்டபத்திலும் பெருமைக்கூடத்திலும் மீண்டும் உருப்பெற்றன.

ஐந்தாண்டில் முடியும் என்று தொடங்கிய பணி பத்தாண்டுவரை நீண்டது. 37 கோடி 50 இலட்சம் யூரோ செலவாயிற்று. தாமதத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, பணம் எவ்வளவு இருந்தாலும் தீர்க்க இயலாதது. அது ஒரு வழியைப் பற்றிய வழக்கு.

கைப்பெர்ஸ் அக்கட்டடத்தை வகுத்தபோது, அதன் நடுவே வளைவுகள் தாங்கும் நீண்ட வழியொன்றை அமைத்திருந்தார். நகரின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குச் செல்வோர் அதனூடே சென்று வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அது மிதிவண்டி ஓட்டுவோரின் வழியாயிற்று. புதிய திட்டமோ, அவ்வழியின் நடுவிலேயே அருங்காட்சியகத்தின் பெருவாயிலை வைக்க எண்ணியது. திட்டம் நிறைவேறினால் மிதிவண்டிகளுக்கு எஞ்சும் இடம் குறுகிவிடும். மிதிவண்டியோர் சங்கம் எதிர்த்தது. அப்பகுதி மக்களும் உடன் நின்றார்கள். கலைச்செல்வம் பெரிதா, வேலைக்குப் போகிறவனின் வழி பெரிதா என்று ஊரே வாதிட்டது. நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஆயிரக்கணக்கில் நடந்து வருவோரும், விரைந்து செல்லும் வண்டிகளும் ஒரே வழியில் கலப்பது ஆபத்து என்று அஞ்சினார்கள்.

முடிவில் வரைபடம் மாறியது. வாயில்கள் வழியின் இருபுறமும் ஒதுங்கின. நடுவழி வழியாகவே நின்றது. அரசி திறவுகோலைத் திருப்பிய நாளிலிருந்து சரியாக ஒரு திங்கள் கழித்து, 2013ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், மிதிவண்டிகள் மீண்டும் அந்த வளைவுகளின் கீழே ஓடத் தொடங்கின. அன்று திறவுகோலைத் திருப்ப அரசியார் எவரும் வரவில்லை. ஆனாலும், அக்கட்டடத்தின் புதுப்பிப்பு அன்றுதான் நிறைவுற்றது என்று சொன்னால் மிகையாகாது. 

உள்ளே, 80 அறைகளில் 800 ஆண்டு வரலாற்றைச் சொல்லும் ஏறத்தாழ 8000 பொருள்களைப் புதிய முறையில் வரிசைப்படுத்தினார்கள். ஏறக்குறைய எல்லாப் பொருள்களும் இடம் மாறின. ரெம்பிராண்ட் 1642இல் தீட்டிய 'இரவுக் காவல்' என்னும் ஓவியம் ஒன்றே தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. பெருமைக்கூடத்தின் முடிவில், கருவறைபோல் கைப்பெர்ஸ் அதற்கென்றே அமைத்த அறை அது. எத்தனை மாற்றினாலும் மாற்றக்கூடாத ஒன்று இருக்கிறது என்பதைப் புதுப்பித்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

தமிழர் நின்று காண வேண்டிய இடமும் அங்கே உண்டு. புதிதாக எழுந்த ஆசியக் கலைக்கூடத்தில், சோழர் காலத்து நடராசர் செப்புத்திருமேனி ஒன்று இருக்கிறது. ஓர் ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்த அத்திருமேனி உட்குழிவின்றிக் கனமாக வார்க்கப்பட்டது. பெயர் தெரியாத தமிழகச் சிற்பியின் கைத்திறனைக் கடல்கடந்த நாட்டு மக்கள் வியந்து நோக்குகிறார்கள். கோயிலில் வழிபாட்டுக்காக வார்த்த திருமேனி கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே நிற்பதைக் காணும் தமிழ் மனத்தில், பெருமையோடு ஒரு நெகிழ்ச்சியும் எழாமற் போகாது.

திறப்புவிழா நடந்து 17 நாள்களில், ஏப்ரல் 30ஆம் நாள், அரசி பேயாட்ரிக்ஸ் தம் மகன் வில்லெம் அலெக்சாண்டருக்கு அரசுரிமையை அளித்துத் துறவோலையில் கையொப்பமிட்டார். கையொப்பமிட்ட இடம் ஆம்ஸ்டர்டாம் அரண்மனை. 1808இல் இவ்வருங்காட்சியகம் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தபோது, முதலில் குடியிருந்ததும் அவ்வரண்மனைதான். 33 ஆண்டுகள் ஆண்ட ஓர் அரசி, நாட்டின் நினைவுச் செல்வத்தை மக்களிடம் திறந்துவிட்டு, அதன்பின் பதவியை இறக்கிவைத்தார்.

பழங்கட்டடம் எதையேனும் பேணும் பொறுப்பில் இருப்போர்க்கு இந்த வரலாறு சில கேள்விகளை விட்டுச்செல்கிறது. முன்னோர் வைத்தவற்றுள் நாம் மறைத்துவிட்டவை எவை? புதிதாகச் சேர்க்குமுன் நீக்க வேண்டியவை எவை? பணி முடியும் நாளில், அவ்வழியே நாள்தோறும் வந்துபோன எளியவர்க்கு வழி இருக்குமா? கல்வெட்டில் திறந்துவைத்தவரின் பெயர் நிற்கும், அது முறையே. கட்டடம் நிற்பதோ, அதை வகுத்தவரின் கருத்தை மதித்தவர்களாலும், அதனுள் வந்துபோகும் மக்களாலும்.